முனைவர் பட்டத்திற்குப் பின்

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள முனிர்காவில், ஆய்வேட்டைச் சமர்ப்பித்து விடுதியைக் காலி செய்தோர் பலர் வாடகை அறைகளில் வசிக்கின்றனர். பட்டம் வந்துவிடும், வாடகைக்கு வழி? மேல் ஆய்வு உதவித்தொகைக்கான விண்ணப்பம் இங்குதான் பிறக்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலேயே பலர் தவறுகின்றனர். 1969-இல் தோன்றிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு பொருளியல், சமூகவியல் போன்ற துறைகளுக்குரியது. வரலாற்றுக்கு 1972-இல் தனிக் குழு அமைந்தது. தத்துவத்திற்கும் ஒன்று உண்டு. இலக்கிய ஆய்வாளர் எங்கே செல்வார்? சிம்லாவில், பழைய வைஸ்ராய் மாளிகையில் 1965 முதல் இயங்கும் இந்திய உயர் ஆய்வு நிறுவனம் அவரையும் ஏற்கிறது. ஆனால் அங்கேயே தங்கி எழுதவேண்டும்; குடும்பமுள்ளோருக்கு இது எளிதன்று.

ஆய்வேட்டின் இயல் ஒன்றையே புதுத் தலைப்பிட்டு அனுப்புவது வீண். வினா யாது, சான்றுகள் எந்த ஆவணக் காப்பகத்தில் உள்ளன, இரண்டாண்டில் எது முடியும் என்பன தெளிவாதல் வேண்டும்.

சமூக அறிவியல் குழுவின் உதவித்தொகைக்கு, ஆய்வாளரை இணைத்துக்கொள்ளும் நிறுவனத்தின் இசைவும் தேவை. அக்கடிதம் மேசையில் உறங்கினால் இறுதி நாள் கடந்துவிடும். அடுத்த அறிவிப்புவரை அவர் காத்திருக்க நேரும். விண்ணப்பத்தின் இறுதி நாளைக் கோப்பின் மேலட்டையிலேயே குறித்துவைக்க விதி எதுவும் தடையாக இல்லை.