கைப்பேசியில் வரும் கடன்



போன் நமக்குத் தேவைதான். கொரோனாக் காலத்தில் போன் இல்லாத லயத்துப் பிள்ளைகள் பாடத்தைத் தவறவிட்டதை ஆசிரியராகப் பார்த்தவன் நான். அதை எப்படி வாங்குகிறோம் என்பதைத்தான் பேச வந்தேன்.

50,000 ரூபா போனை மாதம் 4,500 ரூபாப்படி 18 மாதத் தவணைக்கு எடுத்தால், கட்டி முடிப்பது 81,000. கூடுதல் 31,000. 2024 இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 இன்படி பார்த்தால், அது 23 நாள் கொழுந்து பறித்த கூலி.

நம் பாட்டன்மார் கடன் 'துண்டு' என்ற சீட்டில் இருந்தது. அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921 இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. இன்று கடன் போனுக்குள்ளேயே வருகிறது. செயலியில் கடன் எடுக்கும்போது நம் போனில் உள்ள எண்களையும் வாங்கிக்கொள்கிறார்கள். தவணை தவறினால் சொந்தக்காரருக்கு அழைப்புப் போகிறது. வெட்கப்பட்டு மறைக்கிறோம், மறைக்க மறைக்க கடன் ஏறுகிறது.

ஒப்பமிடுமுன் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். தாளைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ காட்டுங்கள். லயத்துக்கு ஒரு சீட்டுப் பிடிப்போம். 10 பேர் மாதம் 5,000 போட்டால், மாதம் ஒருவர் கையில் 50,000. வட்டி ஒரு சதமும் இல்லை. இந்தச் சம்பளத்திலேயே தொடங்குவோம்.