பட்டை தெரிந்தால் போதுமா?
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



"ஆராய்ச்சியைப் பத்திப் பேசுங்க சார், ஆனா சுருக்கமா" என்றார் செயலாளர். எனவே ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன்.

நம் உடலில் வேண்டாத செல்கள் தாமாகவே செத்துப்போகின்றன. இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். 1996-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சியாவோடாங் வாங் குழுவினர் ஹீலா செல்களை உடைத்துச் சாறெடுத்தார்கள். அதில் டி.ஏ.டி.பி. சேர்த்ததும், சாவை நடத்தும் காஸ்பேஸ்-3 நொதி விழித்துக்கொண்டது. அதை எழுப்பிய புரதங்களுள் ஒன்றைச் சுத்தம் செய்து பார்த்தால் இளஞ்சிவப்பு நிறம்! மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசத்துக்கு உதவுவதாக நாம் இங்கே படித்தோமே, அதே சைட்டோகுரோம் சி.

உள்ளே இருக்க வேண்டியது சாற்றுக்கு எப்படி வந்தது? உடைத்தபோது மைட்டோகாண்ட்ரியாவும் கிழிந்து கசிந்திருந்தது. சுக்ரோஸ் கரைசலில் பக்குவமாக உடைத்தபோது சாற்றில் அது ஏறக்குறைய இல்லை, காஸ்பேஸும் எழவில்லை. சாகத் தொடங்கிய செல்களிலோ, அதே பக்குவத்தில் உடைத்தும், சாற்றில் அது இருந்தது.

இந்தப் பாடத்தை நான் பட்டுத்தான் கற்றேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது, மருந்து கொடுத்த செல்களைக் கண்ணாடி உரலில் இடித்து, 10,000 ஜி விசையில் சுழற்றி, மைட்டோகாண்ட்ரியாவை அடியில் படியவைத்தேன். மேல்நீரை வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தால் சைட்டோகுரோம் சி பட்டை பளிச்சென்று! வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மருந்து கொடுக்காத செல் எங்கேப்பா?"

மறுநாள் அதையும் செய்தேன். அதிலும் அதே பட்டை! செல்லைக் கசியவைத்தது மருந்தல்ல, என் அவசரக் கை. மூன்று மாத உழைப்பு குப்பைக்குப் போனது. பிளாங்க் டைட்ரேஷன் செய்யாமலே இந்தக் கல்லூரியில் ரெக்கார்டு எழுதியவனுக்குக் கிடைத்த தண்டனை!

அதன்பின் இடிகளை எண்ணி எழுதிவைத்தேன். இடையிடையே டிரைபான் நீலம் இட்டு, எத்தனை செல் உடைந்தது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உள்சவ்வில் பதிந்த காக்ஸ்-4 புரதத்தையும் அதே பிளாட்டில் தேடினேன். மேல்நீரில் அது தெரிந்தால் மைட்டோகாண்ட்ரியாத் துணுக்குகள் கலந்துவிட்டன என்று பொருள். வெளிச்சவ்வு மட்டும் கிழிந்திருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்காது. அப்போது சாட்சி சொல்வது மருந்து காணாத செல்தான்.

மாணவச் செல்வங்களே, தேடிய பட்டை கிடைத்தால் தாராளமா சந்தோஷப்படுங்க. ஆனா பக்கத்துக் குழாயைப் பார்த்துட்டு சந்தோஷப்படுங்க.