பதிவேடு சொன்ன பாடம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதிப் பிழைப்பவன் போர் விமானங்களைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் வியக்கலாம். இக்கதையின் நாயகமே பதிவேடுதான். அதுவே என் துணிவு.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள், பிரிட்டனுக்கு உணவு கொண்டுவந்த கப்பல்களை மூழ்கடித்தன. அவற்றைத் தேடித் தாக்கும் பொறுப்பு அந்நாட்டு விமானப் படையின் கடலோரப் பிரிவுக்கு உரியது. விமானங்களோ குறைவு. அவற்றுள் பெரும் பகுதி எந்நேரமும் ஆயத்தமாக நிற்கவேண்டும் என்பது விதி.

1942-இல் செசில் கார்டன் என்னும் உயிரியல் அறிஞர் அக்கணக்குகளை ஆராய்ந்தார். பறந்தால் பழுது வரும். பழுது வந்தால் ஆயத்தக் கணக்குக் குறையும். ஆகவே விமானம் பறவாதிருப்பதே விதியைக் காக்கும் எளிய வழியாக இருந்தது! அவர் அளவுகோலையே மாற்றினார். பழுதுபார்ப்போரின் உழைப்புக்கு எத்தனை மணி நேரப் பறப்புக் கிடைத்தது என்பதே கணக்காயிற்று. பட்டறை ஓயாதவாறு, பறப்பையும் பழுதுபார்ப்பையும் ஒரே திட்டத்தில் இணைத்தார். அதே விமானங்கள், அதே ஆட்கள். பறந்த நேரமோ வெகுவாக உயர்ந்தது.

அதே ஆராய்ச்சிக் குழுவினரான வாடிங்டன் மற்றொரு விந்தையை எழுதியுள்ளார். ஐம்பது மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை நடந்த சோதனைக்கு அடுத்தாற்போலவே எதிர்பாராப் பழுதுகள் மிகுந்தன. பின்னர் படிப்படியாகக் குறைந்தன. நன்றாயிருந்ததையும் கழற்றி மாட்டியதால் வந்த வினை அது! பயனற்ற வேலைகளை நீக்கி, சோதனையின் இடைவெளியை நீட்டினர். இவ்வரலாற்றைக் கூறும் அவர் நூல் 1973-இல்தான் வெளிவந்தது.

சோதனையே வேண்டாம் என்பதன்று இதன் பொருள். எது பயன் தருகிறது என்பதைக் கணக்கு காட்ட வேண்டும் என்பதே.

ஊருக்குப் பயணம் செய்கையில் நம் ரயில் பெட்டியின் முனையைப் பாருங்கள். அடுத்த பெரும் பழுதுபார்ப்புக்குரிய நாள் அங்கே எழுதியிருக்கும். அத்தகைய நாட்களையும் எண்களையும் பல்லாண்டு எழுதினேன். ஒருநாளேனும் அவற்றை நின்று படித்தேனில்லை. இக்கதையை அறிந்தபின் வெட்கமுற்றேன். இப்பொழுது மாதக் கடைசியில் ஏட்டை மூடுமுன் ஒருமுறை படிக்கிறேன்.

பதிவேடு அலமாரியில் உறங்குவதற்கன்று. கேட்பவனுக்கு விடை சொல்வதற்கே. நம் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிக்கிறோம். எழுதியதை வினவவும் கற்பிப்போமாக!