கட்டிக்குப் பெயர் தெரிந்த பிறகே கத்தி



ஒரு நோய்க்குச் சரியான பெயர் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போர்டிக்சன் வட்டார மக்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1998 இறுதியிலும் 1999 தொடக்கத்திலும் புக்கிட் பெலண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளில் பன்றி வளர்த்தவர்கள் காய்ச்சல் கண்டு மாண்டார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தார். அது பன்றியிடமிருந்து தொற்றுகிறது என்பது உறுதியானது. பன்றிகள் அழிக்கப்பட்டன, நோயும் அடங்கியது. அதற்குள் நாட்டில் 105 உயிர்கள் போய்விட்டன. அந்தக் கிருமிதான் இன்று உலகமே அறிந்த நிப்பா.

உடம்பில் தோன்றும் கட்டிகளுக்கும் இதே பாடம் பொருந்தும். பெயர் தெரிந்தால்தான் வைத்தியம் தெரியும்.

தோட்டத்து மக்கள் உடல் உழைப்பாளிகள். பால்மரம் சீவியும், செம்பனைக் குலை தூக்கியும் வாழ்ந்தவர்கள். கையிலோ முதுகிலோ கட்டி வந்தால் “சுமை தூக்கியதால் வந்த வீக்கம்” என்று எண்ணெய் தேய்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அது பெரிதானதும் “புற்றுநோயோ?” என்று நடுங்குவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதுதான் பரிசோதனை.

தசை, கொழுப்பு, நரம்பு, தசைநார் போன்ற மென்திசுக்களில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்லாதவை. சாதாரணக் கொழுப்புக் கட்டியே அதிகம். அபூர்வமாக வருகிற சில கட்டிகள்தான் மருத்துவர்களையே குழப்பிவிடுகின்றன.

முடிச்சுத் தசையுறை அழற்சி என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் இளவயதினருக்கு முன்கையில் வரும். சில வாரங்களிலேயே மளமளவென்று வளரும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் புற்று என்றே நினைக்கக்கூடும். 1955-இல் இதை முதன்முதலில் தனியாக அடையாளம் காட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும் புற்றுநோய் என்று எண்ணிப் பெரிய அறுவை செய்துகொண்டவர்கள் உண்டு. உண்மையில் இந்தக் கட்டி பல சமயம் சில மாதங்களில் தானாகவே கரைந்துவிடும்!

2011-இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் இதன் ரகசியத்தைக் கண்டார்கள். நம் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. 17-ஆவது குரோமோசோமில் இருக்கும் யு.எஸ்.பி.6 என்ற மரபணு, 22-ஆவதில் இருக்கும் எம்.ஒய்.எச்.9 என்ற மரபணுவோடு இடம் மாறி ஒட்டிக்கொள்கிறது. அடங்கியிருக்க வேண்டிய யு.எஸ்.பி.6 விழித்துக்கொள்கிறது. கட்டி வளர்கிறது. சிறு துண்டுத் திசுவில் இந்த மாற்றத்தைத் தேடிப் பார்க்க முடியும். கண்டுவிட்டால் ஒருவருடைய கை பெரிய அறுவையிலிருந்து தப்பலாம்.

இன்னொன்று டெஸ்மாய்டு கட்டி. இது வேறு உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் இருக்கும் இடத்தில் வேர்விட்டுப் பரவும். வெட்டினாலும் திரும்ப வரும். பெரும்பாலோரிடம் 3-ஆவது குரோமோசோமில் உள்ள பீட்டா கேட்டனின் மரபணு கெட்டிருக்கும். சிலரிடம் மட்டும் ஏ.பி.சி. என்ற மரபணு, பிறப்பிலேயே பழுதாகியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெருங்குடலில் ஏராளமான சதை வளர்ச்சிகள் தோன்றி, பின்னாளில் புற்றாக மாறலாம். அப்போது அவருடைய பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும். கையில் வந்த ஒரு கட்டி, ஒரு குடும்பத்தையே குடல் புற்றிலிருந்து காப்பாற்ற வழி காட்டுகிறது!

டெஸ்மாய்டு என்றதும் உடனே வெட்டிய காலம் மாறிவிட்டது. இன்று பலருக்கு, முதலில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கிறார்கள். சில கட்டிகள் தாமாகவே நின்றுவிடுகின்றன. வளரும் கட்டிகளுக்கான நிரோகசெஸ்டாட் என்ற மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். “மரபணு மாற்றம்” என்று டாக்டர் சொன்னதும் நம் குடும்பங்களில் பயம் வந்துவிடுகிறது. “பரம்பரை நோயா? வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையுமா?” என்று மறைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான மென்திசுக் கட்டிகளில் இந்த மாற்றம், பிறந்த பிறகு, அந்த ஓரிடத்துச் செல் ஒன்றில் மட்டும் ஏற்பட்டது. பெற்றோர் கொடுத்ததல்ல. பிள்ளைகளுக்கும் போகாது. யார் செய்த பாவமும் இல்லை. பரம்பரையாக வருவது சிலவே. அவற்றில்கூட மறைப்பதால்தான் ஆபத்து. சொன்னால் முன்கூட்டியே காப்பாற்றலாம்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன?

கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, ஆழத்தில் இருந்தாலோ, எடுத்த இடத்திலேயே மறுபடியும் வந்தாலோ தாமதிக்கக் கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியில் டாக்டரைப் பார்க்கலாம். அவர் கடிதம் கொடுத்தால் சிரம்பானிலோ கோலாலம்பூரிலோ நிபுணரைப் பார்க்கலாம். பத்துப் போட்டு, கீறிவிட்டு, நாள் கடத்த வேண்டாம். ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதித்து, கட்டியின் பெயர் என்ன என்று கேளுங்கள். எல்லாக் கட்டிக்கும் மரபணுச் சோதனை தேவையில்லை. சந்தேகம் தீராதபோது அதைப் பற்றி நிபுணரிடம் கேட்கலாம். ஏற்கெனவே அறுவை செய்தவர்கள் சோதனை அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். கட்டி திரும்ப வந்தால் அந்த ஒரு தாள்தான் டாக்டருக்கு வழிகாட்டி.

கட்டியைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். முதலில் பெயரைத் தெரிந்துகொள்வோம். கத்தி அதற்குப் பிறகு இருக்கட்டும்.