சம்பளம் கொடுத்த முதலாளி



நம்மில் பலர் இன்று பொறுப்பான பதவிகளில் இருக்கிறோம். அதனால் ஓர் ஆலை முதலாளியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்னும் துணி ஆலையை நடத்திய ஆரன் ஃபொயர்ஸ்டைன் அவர். அவருடைய பாட்டனார் 1906இல் தொடங்கிய ஆலை அது. குறைந்த கூலியைத் தேடி மற்ற ஆலைகள் வெளியேறியபோதும் அவர் லோரன்ஸ் பகுதியை விட்டுப் போகவில்லை.

1995 டிசெம்பர் 11ஆம் திகதி இரவு, அவருடைய 70ஆவது பிறந்தநாளன்று, ஆலை தீப்பற்றி எரிந்தது. நத்தாருக்கு இரண்டு வாரமே இருந்தது. காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ ஆலையை அங்கேயே மீண்டும் கட்டினார். வேலையின்றி நின்றவர்களுக்கு முதலில் 30 நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தார். பின்னர் அதை 90 நாட்கள் வரை நீடித்தார்.

புதிய ஆலைக்காகப் பட்ட கடன் கழுத்தை நெரித்தது. 2001இல் நிறுவனம் வங்குரோத்தானது. பின்னர் நிர்வாகமும் அவர் கையை விட்டுப் போனது. நல்லது செய்து கெட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. அந்த நத்தாருக்கு அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. பிறகு வந்த நட்டம் எதுவும் அதை இல்லையென்று ஆக்கிவிடாது. 2021இல், 95 வயதில் அவர் காலமானபோதும் உலகம் நினைவுகூர்ந்தது அந்தச் சம்பளத்தைத்தான்.

சகோதரிகளே, ஆட்குறைப்புப் பட்டியல் ஒருநாள் உங்கள் மேசைக்கும் வரலாம். கையெழுத்திடுமுன் அதிலுள்ள பெயர்களை ஒருமுறை வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு குடும்பம் இருக்கிறது.