கட்டியும் அதன் அயலும்



ஜிந்துப்பிட்டியில் நான் குடியிருக்கும் ஒழுங்கையிலே முதியவர் ஒருவர் வாழ்ந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். வெற்றிலையும் பாக்கும் அவரை விட்டு ஒரு நாளும் அகன்றதில்லை. கடைசிக் காலத்தில் அவரால் வாயைத் திறக்க இயலவில்லை. ஒரு விரல் நுழையும் இடைவெளியில் கஞ்சியை ஊற்றி உயிர் வாழ்ந்தார். முதுமையின் கோளாறு என்று நாமெல்லாம் இருந்துவிட்டோம். பின்னர் கன்னத்தின் உட்புறத்தில் புண் எழுந்தது. மஹரகமை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது அது முற்றிய புற்றுநோய் என்று தெரிந்தது.

வாய் இறுகியதற்கும் புற்று எழுந்ததற்கும் தொடர்பு யாது? இவ்வினாவே என்னை விஞ்ஞான நூல்களின் பக்கம் திருப்பியது. நான் கலைப் பட்டதாரி. விளங்கிக்கொண்ட அளவிலே கூறுகிறேன்.

உறுப்புகள் உருக்குலையாமல் தாங்கி நிற்பது தொடுப்பிழையம். அதில் வாழும் நாரரும்பர் கலங்கள் கொலாஜன் என்னும் நார்ப்பொருளை ஆக்குகின்றன. கையிலே வெட்டுப்பட்டால் இக்கலங்கள் அங்கே திரண்டு, நாரை நெய்து, காயத்தின் விளிம்புகளை இழுத்து மூடும். பணி முடிந்ததும் ஓய்ந்துவிடும்.

புற்றுக்கட்டியைச் சூழ்ந்த நாரரும்பர் கலங்களோ ஓய்வதில்லை. 1986 இல் ஹரல்ட் டிவோராக் என்னும் அமெரிக்க நோயியலறிஞர் கட்டியை ஆறாத காயத்துக்கு ஒப்பிட்டார். கட்டியின் தூண்டுதலால் இக்கலங்கள் இடைவிடாது நாரை நெய்கின்றன. கட்டி வளர்வதற்கான பொருள்களைச் சுரக்கின்றன. புதிய இரத்தக் குழாய்கள் தோன்றவும் துணைபோகின்றன. மருந்து உட்புகாதவாறு அரண் அமைப்பதும் உண்டு.

இவ்வுண்மைக்கு முன்னோடியான கருத்தொன்றை 1889 இலேயே இலண்டன் சத்திரவைத்தியர் ஸ்டீபன் பஜெட் வெளியிட்டார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்த அவர், புற்று எவ்வுறுப்பிலும் ஒரே அளவாய்ப் பரவுவதில்லை என்று கண்டார். விதை எங்கும் விழலாம். ஏற்ற நிலத்திலேதான் முளைக்கும் என்பது அவர் முடிபு. 1999 இல் கலிபோர்னிய ஆய்வாளர் நிகழ்த்திய சோதனை இதனை மேலும் தெளிவாக்கிற்று. தாமாகக் கட்டியாக வளர மாட்டாத கலங்களைப் புற்றிலிருந்து எடுத்த நாரரும்பர் கலங்களோடு சேர்த்து எலிகளின் உடலில் வைத்தனர், கட்டி பெருத்தது. நலமான நாரரும்பர் கலங்களோடு வைத்தபோது அவ்வாறு பெருக்கவில்லை.

அப்படியாயின் இந்த அயற்கலங்களை அடியோடு அழித்துவிடலாமே எனத் தோன்றும். 2014 இல் வெளியான ஆய்வுகளில், எலிகளின் கணையப் புற்றைச் சூழ்ந்த இத்தகைய கலங்களைக் குறைத்தபோது, நோய் முன்னிலும் கொடிதாயிற்று. கெட்ட அயலார் நடுவே கட்டியை அடக்கி வைக்கும் நல்ல அயலாரும் இருந்தனர் போலும்! ஆதலால், அவற்றை ஒழிப்பதிலும் திருத்துவதே தக்கது என ஆராய்ச்சியாளர் பலர் எண்ணுகின்றனர்.

இனி நம் முதியவரிடம் வருவோம். பாக்கிலுள்ள அரிக்கோலீன் முதலிய பொருள்கள் வாயின் நாரரும்பர் கலங்களைத் தூண்டுகின்றன. நார் மிகுந்து குவிகிறது. பழைய நார் கரைவதும் குறைகிறது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, வார்போல் இறுகுகிறது. 1952 இல் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நோய் கண்டு எழுதப்பட்டது. இந்நோயுற்ற எல்லாருக்கும் புற்று வருவதில்லை, சிலருக்கு வருகிறது. பாக்கு, மேலேயுள்ள கலங்களையும் நேரே கெடுக்கிறது. ஒரே கை விதையையும் கெடுத்து நிலத்தையும் கெடுக்கிறது!

புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவதும் வாய்ப்புற்றுநோயே. எனினும் மாணவரின் சட்டைப் பையிலிருந்து இனிப்பூட்டிய பாக்குப் பொட்டலங்களை நானே எடுத்திருக்கிறேன்.

நேயர்களே, உறைப்பு நாவில் பட்டதும் வாய் எரிகிறதா? மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க இயலவில்லையா? முதுமை என்று வாளாவிராது பல் வைத்தியரிடம் காட்டுங்கள். இறுகிய வாய் முற்றாக இளகுவது அரிது. ஆயினும் பாக்கை விட்டவருக்கு வரவிருக்கும் கேடு குறையும். அன்று எங்கள் ஒழுங்கையில் ஒருவரேனும் இதனை அறிந்திருந்தால் அம்முதியவரை உரிய காலத்திலே அழைத்துச் சென்றிருப்போம். அயலார் என்ற முறையில் நாம் தவறிய கடமை அது.