தனியாக ஜெயிக்க முடியாத விளையாட்டு



"எனக்குப் பிடித்த இணைய விளையாட்டுகள், அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?" இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நிகழ்ச்சி நெறியாளர் தலைப்பை வாசித்தபோதே முன்வரிசையில் இருந்த சில அம்மாக்களின் முகம் மாறியதைக் கவனித்தேன். காரணம் எனக்குப் புரிகிறது. பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால், "இப்போ நிறுத்த முடியாதும்மா" என்கிறான். பரீட்சைக்குப் படிப்பதைக்கூட நிறுத்துகிறவனுக்கு விளையாட்டை மட்டும் ஏன் நிறுத்த முடியவில்லை? அம்மாவின் கோபம் நியாயமானது. ஆனால் பிள்ளை சொல்வதும் பொய்யில்லை. அதை விளக்கத்தான் இந்தப் பத்து நிமிடங்களைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நான் பேசப்போவது கைத்தொலைபேசியில் மிட்டாய் உடைக்கும் விளையாட்டைப் பற்றியல்ல. ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் உலவும் விளையாட்டுகளைப் பற்றி. நாம் கணினியை அடைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அந்த உலகம் நிற்காது. அங்கே சந்தை நடக்கும், சண்டை நடக்கும், நம்மைத் தெரிந்தவர்கள் நம்மை விசாரிப்பார்கள்.

இதன் வேர் 1978ஆம் ஆண்டு வரை போகிறது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் 'மட்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். அதில் ஒரு படம்கூடக் கிடையாது, வெறும் எழுத்துதான். அப்படியும் மக்கள் அதற்கு அடிமையானார்கள். ஆக, கவர்ச்சி வண்ணத்திலும் வெளிச்சத்திலும் மட்டும் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. உள்ளே இன்னொரு மனிதர் இருக்கிறார், அதுதான் கவர்ச்சி.

ஒருவருக்கு ஒருவர் தேவை

என் தலைமுறைக்கு முதல் காதல் 'ரேக்னராக் ஆன்லைன்'. கொரியாவில் 2002இல் வெளிவந்து, பிறகு நம் வட்டாரத்துக்கும் வந்தது. பள்ளி முடிந்ததும் சைபர் கஃபேக்கு ஓடுவோம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று வெள்ளி.

அதில் எல்லாரும் கத்துக்குட்டியாகத்தான் தொடங்க வேண்டும். பிறகு வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, திருடன், வியாபாரி, குரு என்று ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம். நான் எடுத்தது குரு. குருவால் தனியாக நின்று பெரிய அரக்கனை வீழ்த்த முடியாது. அவருடைய வேலை அடிபட்டவரின் காயத்தை ஆற்றுவது, போர்வீரனுக்கு ஆசி கொடுத்துப் பலம் கூட்டுவது, விழுந்தவரை எழுப்புவது. வாள்வீரனோ முன்னால் நின்று அடி வாங்குவான். ஆனால் பின்னால் குரு இல்லாவிட்டால் அவன் கதை முடிந்தது. மந்திரவாதி ஒரே வீச்சில் கூட்டத்தையே சாய்ப்பார். ஆனால் மந்திரம் சொல்லி முடிக்கும் வரை யாராவது அவருக்குக் காவல் நிற்க வேண்டும்.

நம் தாமானில் நடக்கும் கோத்தோங் ரோயோங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் புல் வெட்டுவார், ஒருவர் குப்பை அள்ளுவார், ஒருவர் தேநீர் கலக்குவார். தேநீர் கலக்கியவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளித் திடலில் எந்தக் குழுவிலும் கடைசியாகச் சேர்க்கப்படும் பிள்ளையை, இந்த விளையாட்டில், "குரு வந்தாச்சா? வந்ததும் புறப்படுவோம்" என்று நாலு பேர் காத்திருந்து அழைத்துப் போவார்கள். அந்த மகிழ்ச்சியை எந்தப் பரிசுக் கோப்பையும் தராது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பலர் சேர்ந்து ஆடும் உலகத்தில் ஒருவர் மட்டும் கடிகாரத்தை நிறுத்த முடியாது. சண்டையின் நடுவில் குரு எழுந்து சாப்பிடப் போனால், மற்ற நால்வரும் விழுந்துவிடுவார்கள். "நிறுத்த முடியாது" என்று பிள்ளை சொல்வதற்கு, "என்னை நம்பி ஆட்கள் நிற்கிறார்கள்" என்று பொருள்.

காத்திருந்தபோது பிறந்த நட்பு

இரண்டாவது, 'மேப்பிள் ஸ்டோரி'. 2003இல் கொரியாவில் தொடங்கி, 2005இல் தென்கிழக்காசியப் பதிப்பாக நமக்குக் கிடைத்தது. சிங்கப்பூர்ப் படகுத்துறையும் மலேசியக் கம்போங்கும் பின்னாளில் அந்த உலகத்துக்குள் இடம்பெற்றபோது, நம் ஊரையே பார்த்ததுபோல் துள்ளினோம்.

அதில் 'கெர்னிங் சிட்டி' என்ற ஊரில் ஒரு குழுச் சோதனை இருந்தது. நான்கு பேர் சேர்ந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஒரு கட்டத்தில் நான்கு கயிறுகள் தொங்கும். அவற்றில் சரியான மூன்று கயிறுகளை மூவர் பிடித்துத் தொங்க வேண்டும். எந்த மூன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "நீ இரண்டுக்குப் போ, நீ நாலுக்குப் போ" என்று தலைவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். ஒருவர் சொல் கேட்காமல் குதித்துவிட்டால் எல்லாருடைய உழைப்பும் வீண். மலாயும் ஆங்கிலமும் கலந்த ஒரு மொழியில், முகம் தெரியாத மலாய்ப் பையனும் சீனப் பெண்ணும் நானும் கயிற்றில் தொங்கியபடி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கால விளையாட்டுகளில் காத்திருப்பு அதிகம். ரேக்னராக்கில் களைத்துப்போனால் தரையில் உட்கார்ந்துதான் பலத்தை மீட்க வேண்டும். மேப்பிளில் அடுத்த நாட்டுக்குப் போகக் கப்பல் புறப்படும் வரை துறையில் நிற்க வேண்டும். எரிச்சலாக இருக்கும்தான். ஆனால் பேச்சு வளர்ந்தது அந்த நேரத்தில்தான். எல்லாமே ஒரு சொடுக்கில் கிடைக்கத் தொடங்கியபோது பலருக்கு விளையாட்டு சுலபமானது, பக்கத்தில் இருப்பவரோ அந்நியரானார்.

விளையாட்டில் வந்த கொள்ளைநோய்

2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது. 2010இல் அதற்கு ஒரு கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். 2005 செப்டம்பரில் அங்கே ஒரு விநோதம் நடந்தது. ஓர் அரக்கன் பரப்பிய இரத்த நோய், சண்டைக் களத்துக்குள் அடங்கியிருக்க வேண்டியது, வளர்ப்புப் பிராணிகள் வழியாக நகரங்களுக்குத் தொற்றிவிட்டது. பலம் குறைந்த பாத்திரங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன. சிலர் நகரத்தை விட்டு ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினார்கள். வைத்தியம் தெரிந்தவர்கள் பலரோ, யாரும் கேட்காமலே நோயாளிகளைத் தேடிப் போனார்கள். இதை ஆராய்ந்த லோஃப்கிரென், ஃபெஃபர்மன் என்ற இரு அறிஞர்களின் கட்டுரை 2007இல் மருத்துவ ஆய்விதழிலேயே வெளிவந்தது. 2020இல் கோவிட் வந்தபோது உலகம் அதை மீண்டும் நினைத்துப் பார்த்தது. முகமூடி போட்டாலும் மனிதன் மனிதன்தான்!

இபெலின் என்ற மாட்ஸ்

இதே விளையாட்டில்தான் நார்வே நாட்டு இளைஞர் மாட்ஸ் ஸ்டீனும் இருந்தார். பிறவியிலேயே தசைகள் நாளுக்கு நாள் நலியும் நோய். சக்கர நாற்காலியில் வாழ்க்கை. 2014இல், தமது 25வது வயதில் காலமானார். மகன் நட்பு, காதல், பிறருக்கு உதவும் மகிழ்ச்சி எதையும் அறியாமல் போய்விட்டானே என்று பெற்றோர் வருந்தினார்கள். மகனின் வலைப்பூவில் தந்தை இறப்புச் செய்தியைப் பதிந்தார். அதன் பிறகுதான் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. 'இபெலின்' என்ற பெயரில் அவர் அங்கே பலருக்கு உற்ற தோழராக இருந்திருக்கிறார். மகனை நெருங்க முடியாமல் தவித்த ஒரு தாய்க்கு, "நீங்களும் உள்ளே வந்து அவனோடு விளையாடுங்கள்" என்று வழி சொன்னவர் அவர். இறுதிச் சடங்குக்கு வெளிநாடுகளிலிருந்தும் குழு நண்பர்கள் வந்தார்கள். 2024இல் அவர் வாழ்க்கை ஆவணப்படமாக வந்தது. பக்கத்து அறையில் இருந்த மகனின் நண்பர்களைப் பெற்றோர் அவர் மறைந்த பிறகுதான் அறிந்தார்கள். அதுதான் என் மனத்தை அறுக்கிறது.

அளவு மீறினால்

எல்லாம் நன்மையே என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுப்படுத்த முடியாத விளையாட்டுப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஒரு கோளாறாகவே குறிப்பிடுகிறது. அந்தப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதிர்ஷ்டக் குலுக்கல்போல் பொருள்களை விற்றுப் பணம் கறப்பதும் உண்டு. மேப்பிள் ஸ்டோரியில் அத்தகைய பொருள்களின் வாய்ப்பு விகிதத்தை மறைத்ததற்காக, 2024 ஜனவரியில் கொரிய வணிகக் கண்காணிப்பு ஆணையம் நெக்ஸன் நிறுவனத்துக்கு 11.6 பில்லியன் வொன் அபராதம் விதித்தது. தூக்கமும் படிப்பும் கெட்டால், அப்பாவின் வங்கி அட்டை காணாமல் போனால், அது விளையாட்டு அல்ல. இளையோரே, சாப்பாட்டு வேளையில் பெரிய சண்டைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். குழுவுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியை அம்மாவுக்கும் கொடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரே வேண்டுகோள். "எத்தனை மணி நேரம் ஆடினாய்?" என்று கேளுங்கள், அது உங்கள் கடமை. அதோடு, "யாரோடு ஆடினாய்? உன் வேலை என்ன?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எச்சரிக்கையாக இருங்கள். கண்கள் விரிய அரை மணி நேரம் பேசினால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் பிள்ளையை நம்பிச் சிலர் அங்கே நிற்கிறார்கள். அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.